பட்டனை அழுத்தினால் பாப்பாவுக்கு எடை கூடுமா?

ஓட்டு மெஷினுக்கும் பிறக்கப்போகும் குழந்தையின் எடைக்கும் சம்பந்தம் உண்டு, தெரியுமா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்கிறீர்களா? பொறுங்கள்! முடிச்சு நிஜமாகவே இருக்கிறது. பிரேசிலில்!

அந்த நாட்டில் 1985 வரை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டே கிடையாது. அந்த ஆண்டுதான் உரிமை கொடுத்தார்கள். கொடுத்து என்ன? வாக்குச் சீட்டில் வேட்பாளரின் பெயரையோ எண்ணையோ கையால் எழுத வேண்டும்! எழுதத் தெரியாதவரிடம் போய் "எழுது" என்றால்? செல்லாத ஓட்டுகள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன.

1996இல் ஒரு சின்னப் பெட்டி வந்தது. டெலிபோனில் இருப்பது போலவே எண் பட்டன்கள். எண்ணை அழுத்தினால் திரையில் வேட்பாளரின் முகம்! சரியா? பச்சைப் பட்டன். தப்பா? ஆரஞ்சுப் பட்டன். பட்டன்களின் மேல் பார்வையற்றோருக்காக பிரெய்ல் புள்ளிகள் வேறு!

1998 தேர்தலுக்கு எல்லா ஊருக்கும் கொடுக்கப் பெட்டிகள் போதவில்லை. அதனால் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு கோடு கிழித்தார்கள். 40,500 வாக்காளருக்கு மேல் உள்ள ஊருக்கு மெஷின், மற்ற ஊர்களுக்குப் பழைய சீட்டு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த ஊர்களையும் அந்தப் பக்கம் இருந்த ஊர்களையும் பொருளாதார ஆய்வாளர் தாமஸ் ஃபூஜிவாரா ஒப்பிட்டுப் பார்த்தார். பெட்டி வைத்த ஊர்களில் செல்லாத ஓட்டு பெருமளவு குறைந்திருந்தது. எவ்வளவு? பதிவான மொத்த வாக்குகளில் 10 சதவீதத்துக்கும் மேல்!

கதை இங்கே முடியவில்லை. ஏழைகளின் ஓட்டு எண்ணிக்கைக்குள் வந்ததும் அரசியல்வாதிகளின் பார்வை ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது! சுகாதாரச் செலவு கூடியது. அதிகம் படிக்காத தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் டாக்டரைப் பார்ப்பது கூடியது. அவர்களுக்கு எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் குறைந்தன! சரி, படித்த தாய்மார்களிடம்? ஒரு மாற்றமும் இல்லை! அவர்களுடைய ஓட்டுதான் முன்பே செல்லுபடியாகிக்கொண்டிருந்ததே!

★

ஒரே தேர்தலில் எத்தனை தடவை ஓட்டுப் போடலாம்? எஸ்டோனியாவில் கேட்டால், "எத்தனை தடவை வேண்டுமானாலும்!" என்பார்கள்!

மொத்தமே சுமார் 13 லட்சம் பேர் வாழும் குட்டி நாடு. 2005இலேயே வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் ஓட்டுப் போடும் வசதி வந்துவிட்டது. நேற்றுப் போட்ட ஓட்டை இன்று மாற்றலாம், நாளை மறுபடி மாற்றலாம். கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. இது போதாதென்று வாக்குச்சாவடிக்குப் போய்த் தாளில் போட்டால் இணைய ஓட்டு மொத்தமும் ரத்து!

எதற்கு இந்த விளையாட்டு? காரணம் கேட்டால் அசந்துபோவீர்கள். வீட்டில் ஓட்டுப் போடும்போது கணவனோ அப்பாவோ முதலாளியோ பக்கத்தில் நின்று "இதை அழுத்து" என்று மிரட்டலாம் இல்லையா? அழுத்திவிடலாம், பாதகமில்லை! அவர் தூங்கியதும் எழுந்துபோய் மனசுக்குப் பிடித்தவருக்கு மாற்றிவிடலாம்! இது சமத்துவமில்லை என்று அன்றைய ஜனாதிபதி அர்னோல்ட் ரூட்டெல் கையெழுத்துப் போட மறுத்தார். இணையத்தில் போடுகிறவருக்கு மட்டும் எதற்கு மாற்றும் சலுகை என்பது அவர் வாதம். உச்ச நீதிமன்றம், சலுகை செல்லும் என்றது!

2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகள் இணையத்தில் விழுந்தன!

★

பிராட்பேண்ட் இணைய வசதியைச் சட்டபூர்வ உரிமையாக்கிய முதல் நாடு எது? ஃபின்லாந்து! 2010 ஜூலை 1 முதல், காட்டுக்குள் தனிவீட்டில் இருந்தாலும் நொடிக்கு 1 மெகாபிட் வேகம் கேட்டுப் பெறும் உரிமை வந்தது. இன்று அந்த வேகத்தைக் கொடுத்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்!

★

பிரிட்டன் அரசின் இணையதளத்தை எத்தனை வயதுக் குழந்தை படித்தால் புரிய வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 9 வயது! வரி, ஓய்வூதியம், பாஸ்போர்ட், எல்லாமே 9 வயதுக்காரருக்குப் புரிகிற நடையில்! 2012இல் வந்த அந்தத் தளம், அடுத்த ஆண்டே 'ஆண்டின் சிறந்த வடிவமைப்பு' விருதைத் தட்டிச் சென்றது. பளபளப்பான படம் எதுவும் இல்லாமல், வெறும் எழுத்தாலேயே! நம் ஊர் அரசாணை ஒன்றை எடுத்து ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். வேண்டாம், பாவம்.

★

டி.வி.யில் வசனம் எழுத்தாக ஓடுகிறதே, அது காது கேளாதவர்களுக்காக வந்தது தெரியுமா? அமெரிக்காவில் அதைப் பார்க்க ஒரு காலத்தில் தனிப் பெட்டி வாங்கி மாட்ட வேண்டும். 1990இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி 1993 ஜூலை முதல், 13 அங்குலமும் அதற்கு மேலும் திரை உள்ள ஒவ்வொரு புது டி.வி.க்குள்ளும் அந்தக் கருவி இருந்தே ஆக வேண்டும்! இன்றைக்கு நள்ளிரவில் வீட்டார் தூக்கம் கலையாமல் கொரியன் தொடர் பார்க்கிறவர்களெல்லாம் காது கேளாதோருக்கு நன்றி சொல்லுங்கள்!

★

ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகப் பணம் கொடுத்த அரசு உண்டா? உண்டு! மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ!

2020 ஏப்ரல். கொரோனா ஊரடங்கு. தினக்கூலிகளின் அடுப்பு அணைந்துவிட்டது. அரசிடம் ஏழைகளின் பட்டியல் இல்லை. பலரிடம் வங்கிக் கணக்கு இல்லை, ஸ்மார்ட்போன் இல்லை, இணையம் இல்லை. என்ன செய்தார்கள்? சாதாரண பட்டன் போனில் *855# அழுத்தச் சொன்னார்கள்! அவ்வளவுதான் விண்ணப்பம்! அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தேர்தல் முடிந்திருந்தது, ஜனங்களின் கையில் புது வாக்காளர் அட்டை. அந்த எண்ணை வைத்தே ஆளைச் சரிபார்த்து, பணத்தை போனுக்கே அனுப்பினார்கள்! திட்டம் தயாராக எத்தனை நாள்? பத்தே நாள்!

தொகை? தலைநகர் லோமே வட்டாரத்தில் ஆண்களுக்கு மாதம் 10,500 ஃபிராங்க். பெண்களுக்கு 12,250! குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கையில் கூடுதலாக இருக்கட்டுமே என்ற கணக்கு.

பிறகு கிராமங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றபோது இன்னொரு அதிசயம்! வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கணினியிடம் கொடுத்து, மிக ஏழ்மையான 100 வட்டாரங்களைக் கண்டுபிடித்தார்கள்! கூரை, சாலை, வயல் எல்லாம் வறுமையைச் சொல்லிவிட்டன! அங்கே யார் மிக ஏழை என்பதை போன் பயன்படுத்தும் விதத்தை வைத்து ஊகித்தார்கள். கேட்க வியப்பாகத்தான் இருக்கிறது. நம் போன் நம் ஏழ்மையை வேவு பார்க்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்கிறது.

அந்தத் திட்டத்தின் பெயர் 'நொவிசி'. எவே மொழியில் ஒற்றுமை, தோழமை என்று பொருள்.

★

ஒரே வாரத்தில் எத்தனை வங்கிக் கணக்குகள் திறக்க முடியும்? 1,80,96,130! 2014 ஆகஸ்ட் 23 முதல் 29 வரை இந்தியாவில், ஜன்தன் திட்டத்தில் நடந்த கின்னஸ் சாதனை இது. இராப்பகல் பாராமல் வங்கிகள் திறந்திருந்தன என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 30 கணக்கு! நீங்கள் ஒரு தும்மல் போடுவதற்குள் முப்பது பாஸ்புக்!

ஜன்தன் கணக்குகளில் பாதிக்கும் மேல் பெண்களுடையவை. 2020 கொரோனாவில், மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்கள், ஏறத்தாழ 20 கோடிப் பெண்களின் ஜன்தன் கணக்குகளில் பணம் விழுந்தது! பிரேசில் நாட்டு ஜனத்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

500 ரூபாய் பெரிய தொகையா? இல்லைதான். ஆனால் யார் கணக்கில் விழுகிறது என்பதில் ஒரு மந்திரம் இருக்கிறது! மத்தியப் பிரதேசத்தில் 197 ஊராட்சிகளில் ஓர் ஆய்வு நடந்தது. நூறு நாள் வேலையில் மனைவி மண் சுமப்பார், கூலியோ பெரும்பாலும் கணவர் கணக்குக்குப் போகும். சில ஊர்களில் மட்டும் அதை மனைவியின் சொந்தக் கணக்குக்கே திருப்பிவிட்டு, கணக்கை இயக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். விளைவு? அந்தப் பெண்கள் முன்பைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள், நூறு நாள் வேலைக்கு மட்டுமில்லை, வெளி வேலைகளுக்கும்! 'பொம்பளை வேலைக்குப் போகலாமா' என்ற பேச்சும் மெல்ல இளகியது! கூலி ஒரு பைசா கூடவில்லை, கணக்கு எண் மட்டும்தான் மாறியது!

★

ஸ்மார்ட்போன் இல்லாமல் யு.பி.ஐ.யில் பணம் அனுப்பலாம், தெரியுமா? பழைய பட்டன் போனே போதும்! ஓர் எண்ணை அழைத்து, குரல் சொல்கிறபடி பட்டன்களை அழுத்தினால் பணம் போய்விடும். ஒரு மிஸ்டு கால் கொடுத்தும் செலுத்தலாம்! ரிசர்வ் வங்கி இதைத் தொடங்கிவைத்த நாள் 2022 மார்ச் 8. அன்று மகளிர் தினம்!

★

ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரர், தெரியுமா? முதல் 11 இலக்கங்களில் ஒன்றைத் தப்பாக அடித்தாலோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலோ, கணக்கு உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்! வெர்ஹூஃப் என்ற நெதர்லாந்துக்காரர் 1969இல் சொன்ன கணக்கு இது. இன்னொன்று, உங்கள் ஆதார் எண் 0 அல்லது 1இல் தொடங்குகிறதா? இல்லவே இல்லை! யாருக்குமே தொடங்காது! வேண்டுமானால் அட்டையை எடுத்துப் பாருங்கள்!

முதல் ஆதார் எங்கே கொடுக்கப்பட்டது? டெல்லியிலா, மும்பையிலா? மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில், டெம்பிலி என்ற பழங்குடி கிராமத்தில்! 2010 செப்டம்பர் 29.

பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி. விரலே அடையாளம்! அருமைதான். ஆனால் ரேகை தேய்ந்துபோனால்? கரும்பு வெட்டுகிறவர், செங்கல் அறுக்கிறவர், பாத்திரம் தேய்க்கிறவர் விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? தென்காசிப் பக்கம் என் அத்தை நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். ரேஷன் கடைக் கருவியில் அவர் விரலை வைத்தால், "மறுபடி வைக்கவும்" என்றே வரும். துடைத்து வை, எண்ணெய் தடவி வை, அந்த விரலை வை என்று கடைக்காரர் பத்து விரலையும் பார்த்துவிடுவார். உழைக்காத விரலை உடனே அடையாளம் தெரிகிறது, உழைத்த விரலைத் தெரியவில்லை, என்ன கூத்து பாருங்கள்! இப்போது பல கடைகளில் கருவிழியைப் பார்க்கும் கருவி வந்திருக்கிறது. அத்தை அதைக் கண் டாக்டர் என்கிறார்.

★

கண் சிமிட்டத் தெரிந்தால்தான் வங்கிக் கணக்கு என்றால் நம்புவீர்களா?

போன் வழியாகக் கணக்குத் தொடங்கும்போது, எதிரே இருப்பது புகைப்படமா உயிருள்ள ஆளா என்று பார்க்க, "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கேட்பார்கள். ஆசிட் வீச்சில் இமை உருக்குலைந்த பெண் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் எப்படி கேமராவுக்கு நேரே முகத்தை நிறுத்துவார்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? டிஜிட்டல் சேவைகளை அடைவது, உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி! அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு! கூடவே 20 உத்தரவுகள்! ஒரு கண் சிமிட்டலில் தொடங்கிய வழக்கு!

★

கணினி ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்திருக்கிறது, தெரியுமா?

நெதர்லாந்து! ஆமாம், ஆதாருக்குக் காவல்காரரைக் கொடுத்த அதே நாடு! குழந்தைகள் காப்பகச் செலவுக்கு அரசு கொடுக்கும் உதவித் தொகையில் யார் ஏமாற்றக்கூடும் என்று ஊகிக்க ஒரு கணினி முறையை வைத்தார்கள். அதில் ஒருவர் நெதர்லாந்துக் குடியுரிமை பெற்றவரா என்பதும் ஒரு கேள்வி! வெளிநாட்டுப் பின்னணி உள்ள பெற்றோர் கொத்துக் கொத்தாக மாட்டினார்கள். படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்குக்கூட, வாங்கிய மொத்தத் தொகையையும் திருப்பிக் கட்டு என்றார்கள். பல்லாயிரம் யூரோ! வீடு போனது, வேலை போனது, இல்லறம் முறிந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள்! 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தது!

★

சரி, கொஞ்சம் இனிப்பான செய்தி! அரசு ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூட விடாமல் லேப்டாப் கொடுத்த முதல் நாடுகளில் ஒன்று எது? உருகுவே! 2007இல் வில்லா கார்டால் என்ற சின்ன ஊரில் தொடங்கி, 2009க்குள் நாடு முழுக்க முடித்துவிட்டார்கள்! பச்சையும் வெள்ளையுமாக, இரண்டு காது முளைத்த பொம்மை போல ஒரு கணினி! திட்டத்தின் பெயர் 'சேய்பால்'. அந்த நாட்டின் தேசிய மலர் பூக்கும் மரத்துக்கும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். அது வேறு யாருமில்லை, நம் கல்யாண முருங்கையின் ஒன்றுவிட்ட சகோதரி!

ஆங்கில ஆசிரியர்கள் போதவில்லையா? வகுப்பறையில் பெரிய திரையை மாட்டி, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியரை அதில் வரவழைத்தார்கள்! பிலிப்பைன்ஸிலிருந்துகூடப் பாடம் நடந்தது!

கணக்கிலும் வாசிப்பிலும் மதிப்பெண் உயர்ந்ததா? ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள், பெரிதாக எதுவும் அகப்படவில்லை. ஆனால் ஏழை வீட்டிலும் பணக்கார வீட்டிலும் கணினி என்ற நிலை வந்ததே!

தமிழ்நாடு சளைத்ததா? 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறோம்! உருகுவேயின் மொத்த ஜனத்தொகையே சுமார் 35 லட்சம்தான்!

★

2010 நவம்பர் 11 அன்று, ஒரே நாளில் வங்கதேசத்தில் 4,501 கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டன! பிறப்புச் சான்றிதழ், தேர்வு முடிவு, விண்ணப்பம் எல்லாம் அங்கேயே. இதில் என்ன அதிசயம்? ஒவ்வொரு மையத்தையும் நடத்த ஓர் ஆண், ஒரு பெண் என்று அமைத்தார்கள்! எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு பெண் என்றால்தானே பல வீடுகளில் பெண்களை வெளியே அனுப்புவார்கள்!

நம் கர்நாடகத்திலும் ஒரு மாற்றம்! அங்கே 'பூமி' என்ற திட்டம் வருவதற்கு முன்பு நிலப் பதிவேடுகள் சுமார் 9,000 கிராமக் கணக்கர்களின் கைகளில் இருந்தன. நகல் வேண்டுமென்றால் தேடிப் போக வேண்டும், 'கவனிக்க' வேண்டும். 2 கோடிப் பதிவேடுகளையும் கணினியில் ஏற்றினார்கள். பிறகு நகல் என்ன விலை? 15 ரூபாய்! ரசீதோடு!

★

இணைய முகவரியின் கடைசியில், புள்ளிக்குப் பிறகு ஆங்கில எழுத்துகள்தான் வர வேண்டுமா? இல்லை! தமிழிலேயே வரலாம்! எத்தனை நாடுகளின் பெயரில் தெரியுமா? மூன்று! .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர்! இந்த மூன்று நாட்டு முகவரிகளும் தமிழ் எழுத்திலேயே முடியலாம்! எத்தனை பேர் பயன்படுத்துகிறோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

2023 டிசம்பர், காசி தமிழ்ச் சங்கமம். பிரதமர் இந்தியில் பேசப் பேச, தமிழ்நாட்டிலிருந்து போயிருந்தவர்களின் காதுகளில் தமிழ் ஒலித்தது! நடுவில் மொழிபெயர்த்தது மனிதரில்லை, 'பாஷினி' என்ற அரசு மென்பொருள்!

★

கையில் இருப்பது நூறா, இருநூறா, ஐநூறா? பார்வையற்றவர் என்ன செய்வார்? ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று 'மணி' என்று ஒரு செயலி விட்டது. போன் கேமரா முன் நோட்டைக் காட்டினால் "ஐநூறு ரூபாய்" என்று வாய்விட்டுச் சொல்லும்! பாதியாக மடித்திருந்தாலும் சொல்லும்! இணையமே வேண்டாம்! கள்ள நோட்டா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்த விஷயத்தில் அது ஊமை!

★

போன் கற்றுக்கொள்ள வயது வரம்பு உண்டா? கேரளத்தைக் கேளுங்கள்! திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்ற ஊராட்சி. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே போய், மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வருகிறவர்களுக்கு வாட்ஸ்அப் சொல்லிக்கொடுத்தார்கள்! 2022இல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சி என்று அறிவித்தார்கள். அதே பாணியில் மாநிலம் முழுக்க வீடு வீடாகத் தேடியதில், இதெல்லாம் தெரியாதவர்கள் 21 லட்சத்துக்கும் மேல் அகப்பட்டார்கள்! 2025 ஆகஸ்டில் மாநிலமே அந்தப் பட்டத்தைப் பெற்றது. தேர்ச்சி பெற்றவர்களில் நூறு வயதைக் கடந்த ஒருவரும் உண்டு!

★

ஒரு கோடிப் பேருக்கு ஒரு ரூபாய் அனுப்பினால் என்ன ஆகும்? 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அதைச் செய்து பார்த்தது! கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அனுப்ப வேண்டும். கணக்கு எண் ஒன்றில் இலக்கம் தவறினால்? அதனால் முன்னோட்டமாக வெறும் 1 ரூபாயை அனுப்பிச் சரிபார்த்தார்கள்! ஆயிரம் ரூபாயைச் சுமந்துபோகும் வண்டிக்கு முன்னால் ஓடிய பைலட் வண்டி, அந்த ஒற்றை ரூபாய்!

அந்த வாரம் தென்காசியிலிருந்து அத்தை போன் செய்தார். குரலில் ஒரே பதற்றம்.

"எய்யா, என் கணக்குல யாரோ ஒரு ரூவா போட்டுருக்காவளாம். பாவம், யாரு பணமோ தெரியாம விழுந்துட்டு. இதை எப்படித் திருப்பி அனுப்ப?"